பேரைக் கேக்காதே, தெரிஞ்சதைக் கேளு

லேப்டாப்பை ஆன் பண்ணினதும் முதல்ல என்ன நடக்கும்? லோகோ வரும்னு சொல்றவங்களுக்குப் பாதி மார்க்தான். திரையில உருப்படியா எதுவும் தெரியுறதுக்கு முன்னாடியே உள்ளே ஒரு இன்டர்வியூ நடந்து முடிஞ்சிருக்கும். கேள்வி கேக்குறது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட கர்னல். பதில் சொல்றது பிராசசர். "உனக்கு ஏவிஎக்ஸ் தெரியுமா? ஏஇஎஸ் என்க்ரிப்ஷனை ஹார்டுவேர்லயே பண்ணுவியா? எழுதக் கூடாதுன்னு பூட்டின மெமரி பக்கத்துல நீ எழுதாம இருப்பியா?" இப்படி நூத்துக்கணக்கான கேள்விகள்.

இன்டெல், ஏஎம்டி சிப்கள்ல இந்த இன்டர்வியூவுக்குன்னே ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கு: சிபியுஐடி. 1993ல பென்டியத்தோட வந்தது, பிறகு வந்த சில 486 சிப்கள்லயும் சேத்தாங்க. கர்னல் அதைக் கூப்பிட்டு, வர்ற பதிலை வசதிக்கு ஒரு பிட்னு குறிச்சு வச்சுக்கும். உங்க மெஷின்ல லினக்ஸ் இருந்தா டெர்மினல்ல எல்எஸ்சிபியுன்னு கமாண்ட் போட்டுப் பாருங்க. ஃப்ளாக்ஸ்னு ஒரு நீளமான பட்டியல் வரும். அதுதான் உங்க பிராசசரோட மார்க் ஷீட்.

லினக்ஸ் கர்னலுக்கு வயசு 30 தாண்டியாச்சு. இத்தனை வருஷத்துல ஆயிரக்கணக்கான பேர் அதுல கோடு எழுதியிருக்காங்க, ஆளாளுக்கு ஒரு மாதிரி இந்தக் கேள்வியைக் கேட்டு வச்சிருக்காங்க. அதையெல்லாம் தேடிப் பிடிச்சு ஒழுங்கு பண்ற வேலை வருஷக்கணக்கா நடந்துட்டு இருக்கு. இது ரொம்ப சின்ன வேலைன்னு நம்மள்ல பலருக்குத் தோணும். நான் சொல்ல வர்றது இதுதான் மக்கா: இது முழுசா இன்ஜினியரிங். நம்மள மாதிரி ஊர்ல இருக்குற பசங்க எடுத்துச் செய்யக்கூடிய இன்ஜினியரிங். அதை ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா ஏத்துக்கணும்.

பேரைப் பாத்து எடை போடுறது

பிராசசர்கிட்ட ரெண்டு விதமா கேக்கலாம். "உனக்கு இது தெரியுமா?" ஒரு விதம். "நீ யாரு, எந்தக் கம்பெனி, எந்த மாடல்?"னு கேட்டு, "ஓ, அப்போ உனக்குத் தெரிஞ்சிருக்கும்"னு நாமளே முடிவு பண்றது இன்னொரு விதம். முதல் விதம் நேர்மையானது. ரெண்டாவது விதம் எழுத ஈஸி, அதனாலயே கோடு முழுக்கப் பரவிக் கிடக்கு.

இது எங்க கொண்டு போய் விடும்னு பாருங்க. இன்டெல்லோட பழைய கம்பைலர்ல ஒரு பிரச்சினை இருந்துச்சு. அது உருவாக்குற புரோகிராம் ஓடும்போது சிபியுஐடி தர்ற கம்பெனி பேரைப் பாக்கும். "ஜென்யூன் இன்டெல்"னு இருந்தா வேகமான பாதை. இல்லாட்டி, அந்த ஏஎம்டி சிப்புக்கு அதே எஸ்எஸ்இ2 இன்ஸ்ட்ரக்ஷன்கள் நல்லாவே தெரிஞ்சிருந்தாலும், மெதுவான பாதை. 2010ல அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் இன்டெல்லோட செஞ்ச ஒப்பந்தத்துல இந்தக் கம்பைலர் விவகாரமும் இருக்கு. ஒரு இஃப் கண்டிஷன் கோர்ட்டு கச்சேரி வரைக்கும் போன கதை இது.

இதுல கெட்ட எண்ணமே வேணும்னு இல்ல, சோம்பல் போதும். 1995ல வந்த பென்டியம் ப்ரோ தொடங்கி இன்டெல் தன்னோட பெரும்பாலான சிப்களுக்கு ஃபேமிலி எண் 6ன்னே போட்டுட்டு வந்தது. அதனால கர்னல்ல பல இடத்துல "ஃபேமிலி 6ஆ? மாடல் இதுக்கு மேலயா? அப்போ சரி"ன்னு எழுதிட்டாங்க. பென்டியம் 4 மாதிரி ஒண்ணு ரெண்டைத் தவிர, கால் நூற்றாண்டு இது ஓடுச்சு. இப்போ இன்டெல் 6ஐத் தாண்டி 18, 19ன்னு புது எண்களுக்குப் போகுது. அந்தப் பழைய கேள்விகளுக்கு முன்னாடி புது சிப் போய் நின்னா, இருக்குறதுலயே புதுசான பிராசசரை எதுவும் தெரியாதவன்னு கர்னல் நினைச்சுக்கும். அதனால 2024ல டோனி லக்குங்கிற இன்டெல் பொறியாளர் கம்பெனி, ஃபேமிலி, மாடல் மூணையும் ஒரே எண்ணா அடைச்சு ஒப்பிடுற முறையைக் கொண்டு வந்து, பழைய ஒப்பீடுகளை ஒண்ணொண்ணா மாத்தினார். 2025 தொடக்கத்துல சோஹில் மேத்தா புது ஃபேமிலி எண்களுக்காக இன்னொரு தொகுப்பு பேட்ச் அனுப்பினார். யாரும் கை தட்டுற வேலை இல்ல அது. ஆனா அது நடக்காட்டி, புது மெஷின் வாங்கினவன் காசும் போய் வேகமும் போய் நிப்பான்.

விண்டோஸ் 11ம் இந்த வரிசைதான். 2021ல வந்தப்போ ஆதரவு உள்ள பிராசசர்னு ஒரு மாடல் பட்டியல் போட்டாங்க. இன்டெல்ல 8வது தலைமுறைக்கு முந்தினது, ஒரு சிலதைத் தவிர, வெளியே. பாதுகாப்புன்னு காரணம் சொன்னாங்க, அதுல நியாயமும் இருக்கு. ஆனா 2024ல வந்த 24எச்2 பதிப்பு வேற மாதிரி கேக்குது: பாப்கவுண்ட் இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கா இல்லையா? இல்லாட்டி பூட்டே ஆகாது. கடுமையான கேள்விதான். ஆனா எதுக்காக வெளிய நிறுத்துறாங்கன்னு நமக்குத் தெளிவா தெரியுது. பட்டியல்ல பேர் இல்லைங்கிறதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

உங்களுக்கு இது எங்கேயோ பட்ட மாதிரி இருக்கா? இருக்கத்தான் செய்யும். ஆஃப் கேம்பஸ் ஃபார்ம் ஃபில் பண்ணும்போது காலேஜ் பேருக்கு ஒரு டிராப்டவுன் வருமே. அதுல கீழ வரைக்கும் பைய ஸ்க்ரோல் பண்ணிப் போய், நம்ம காலேஜைக் காணாம, "அதர்ஸ்"ல கிளிக் பண்ணியிருப்பீங்க. அதுக்கப்புறம் நமக்கு சி தெரியுமா, பாயின்டர் தெரியுமான்னு யாருமே கேக்கல. அது மாடல் செக். ஒரு கோடிங் டெஸ்ட் வச்சு யார் வேணா எழுதலாம்னு சொன்னா அது ஃபீச்சர் செக். நாகர்கோவில்ல இருந்து வெளிய வேலை தேடுற நமக்கு இந்த வித்தியாசத்தை யாரும் கிளாஸ் எடுத்துச் சொல்ல வேண்டியதில்ல.

பொய் சொன்ன மார்க் ஷீட்

தெரியுமான்னு கேட்டா மட்டும் போதாது, பதில் உண்மையா இருக்கணும். 2018ல வந்த கேலக்ஸி எஸ்9 போன்ல, இந்தியாவுல வித்த மாடல் உட்பட, எக்ஸினோஸ் 9810 சிப் இருந்துச்சு. அதுல பெரிய கோர் ஒரு ரகம், சின்ன கோர் இன்னொரு ரகம். அட்டாமிக் வேலைகளை ஒரே இன்ஸ்ட்ரக்ஷன்ல முடிக்கிற புது வசதி சின்ன கோர்கள்ல இருந்துச்சு, பெரிய கோர்கள்ல இல்ல. ஆனா அந்தப் போனோட கர்னல் "இருக்கு"ன்னே பதில் சொல்லுச்சு. கோ மொழியில எழுதின ஆப் அதை நம்பி ஓடுச்சு. சின்ன கோர்ல ஓடின வரைக்கும் கொள்ளாம். பெரிய கோருக்கு மாறினதும் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்", ஆப் காலி. கடைசியில கோ குழு ஆண்ட்ராய்டுல அந்த வசதியையே பயன்படுத்தாம விட்டுட்டாங்க. ஒரு சிப் தப்பா பதில் சொன்னதுக்கு, சரியா சொன்ன மத்த எல்லா ஆண்ட்ராய்டு போனும் சேத்து அபராதம் கட்டுச்சு.

லினக்ஸ்ல இதுக்குத் தீர்வு முன்னாடியே யோசிச்சு வச்சதுதான். 2015ல ஆர்ம் நிறுவனத்தோட சுஸுகி பவுலோஸ் 64 பிட் ஆர்ம் கோடுல சிதறிக் கிடந்த வசதிச் சோதனைகளை ஒரே இடத்துக்குக் கொண்டு வந்தார். விதி எளிமையானது: எல்லாக் கோரும் சேந்து செய்ய முடியுறதை மட்டும்தான் வெளிய சொல்லணும். ஒருத்தனுக்குத் தெரியலன்னா டீமுக்கே தெரியலன்னு சொல்லு.

ஒரே கேள்வி, பல மாதிரி

எக்ஸ்86 பக்கம் இருந்த குப்பை வேற மாதிரி. ஒரு வசதி இருக்கான்னு கேக்க, ஒவ்வொரு வசதிக்கும் தனித்தனி மேக்ரோ இருந்துச்சு. அது போக எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு, வேகம் தேவைப்படுற இடத்துக்கு இன்னொண்ணு. எதை எங்க போடணும்னு புதுசா வர்றவனுக்குப் புரியாது. 2016ல போரிஸ்லாவ் பெட்கோவ் அந்தத் தனித்தனி மேக்ரோக்களை ஒவ்வொண்ணா நீக்கிப் பொது வடிவத்துக்கு மாத்தினார்.

இங்க ஒரு அழகான டெக்னிக் இருக்கு, தெரிஞ்சுக்கோங்க. பிராசசருக்கு ஏவிஎக்ஸ் இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் மெமரியில போய் ஒரு பிட்டைப் பாக்குறது வீண் செலவு. பூட் ஆன பிறகு அந்தப் பதில் மாறப் போறதில்லையே! அதனால கர்னல் பூட் ஆகும்போதே தன்னோட மெஷின் கோடைத் தானே திருத்தி எழுதிக்கும். பதில் "ஆமா"ன்னா அந்த இடத்துல ஒரு பாதை, "இல்ல"ன்னா இன்னொரு பாதை. அதுக்கப்புறம் அங்க கேள்வியே கிடையாது, வெறும் பாதைதான். இன்னொரு படி மேல போய், கான்ஃபிக்ல அணைச்சு வச்ச வசதின்னா கம்பைலரே அந்தக் கோடை வெட்டி எறியுற மாதிரியும் ஒரு வடிவம் இருக்கு. பழைய சோதனைகளை அந்த வடிவத்துக்கு மாத்துறதும் இந்தச் சுத்தம் பண்ற வேலையில ஒரு பகுதி.

சரி, அப்போ கம்பெனி பேரை எங்கேயுமே கேக்கக் கூடாதா? கேக்க வேண்டிய இடம் ஒண்ணு உண்டு. வசதியைப் பத்திக் கேட்டா பிராசசர் சொல்லும். தன்கிட்ட இருக்குற ஓட்டையைப் பெரும்பாலும் அதுவா சொல்லாது, அது பலநாள் கழிச்சுத்தான் வெளிய தெரிய வரும். மெல்ட்டவுன் ஓட்டை 2018 ஜனவரியில வெளிய வந்துச்சு. அதை அடைக்கிற கோடு முதல்ல எல்லா எக்ஸ்86 சிப்பையும் ஓட்டைன்னே எடுத்துக்கிட்டது. அடைப்புக்கு வேகத்துல விலை உண்டு. 2017 டிசம்பர் கடைசியில ஏஎம்டியோட டாம் லெண்டாக்கி ஒரு சின்ன பேட்ச் அனுப்பினார்: ஏஎம்டின்னா இது வேண்டாம். பேரைக் கேக்குற செக்தான், ஆனா கேக்குற இடம் சரியானது. ஒரே இடத்துல ஒரே தடவை பேரைக் கேட்டு, "இந்த ஓட்டை இருக்கு" அப்படின்னு ஒரு கொடி நட்டுட்டா, மத்த கோடு எல்லாம் கொடியை மட்டும் பாத்தா போதும். சுத்தம்னா எனக்கு இதுதான் அர்த்தம்: கேக்க வேண்டியதை ஒரே இடத்துல கேட்டு, பதிலை எல்லாருக்கும் பொதுவா வைக்கிறது.

சுத்தம் வேற, கைவிடுறது வேற

மூணாவது வகைக் குப்பை, பதில் எப்பவுமே ஒண்ணா இருக்குற கேள்வி. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல லினக்ஸை ஆரம்பிச்சதே ஒரு 386 மெஷின்லதான். அந்தச் சிப்புல ஒரு குறை: எழுதக் கூடாதுன்னு பூட்டின பக்கத்துல கர்னலே எழுதினா அது தடுக்காது. அதுக்காக மட்டும் கர்னல் தனியா சோதனை பண்ணிட்டே இருக்கணும். 2012 டிசம்பர்ல இங்கோ மோல்னார் 386 ஆதரவை நீக்குற தொகுப்பை அனுப்பினார். 3.8 பதிப்புல இருந்து அது கிடையாது. 2025 ஏப்ரல்ல அவரே 486க்கும் ஆரம்பகால 586க்கும் அதே மாதிரி ஒரு தொகுப்பை முன்வச்சார். கிட்டத்தட்ட 14,000 வரிகள் குறையும். அதுல பெரும்பகுதி, தசமக் கணக்குப் போடத் தெரியாத சிப்களுக்காக அந்தக் கணக்கை சாஃப்ட்வேர்லயே போடுற கோடு.

இதை நான் ஆதரிக்கிறேன். 486 மேல இன்னைக்கு இன்னைக்கு வர்ற புது கர்னலை ஓட்டுறவங்க உலகத்துலயே விரல் விட்டு எண்ணக்கூடிய ஆளுங்கதான். அவங்களுக்குப் பழைய கர்னல் இருக்கு. ஆனா, "பழசு எல்லாத்தையும் தூக்கி எறி"ன்னு இதைப் படிச்சிடாதீங்க. நம்ம ஊர்ல பழசு ரொம்ப நாள் வாழும். 2011 செப்டம்பர்ல தொடங்கின அரசோட இலவச லேப்டாப் திட்டத்துல வந்த மெஷின்கள் இன்னும் பல வீட்டுல ஓடுது. ஆரம்பத்துல விண்டோஸோட சென்னை சிடாக் செஞ்ச பாஸ் லினக்ஸும் அதுல சேத்துக் கொடுத்தாங்க. நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம் தனியார் ஸ்கூல், எனக்கு அது வரல. ஆனா கிளாஸ்ல பாதிப் பேருக்கு முதல் கம்ப்யூட்டர் அதுதான், இல்ல அக்கா அண்ணனுக்கு வந்ததுதான்.

அந்த மாதிரி ஒரு பழைய பென்டியம், செலரான் மெஷின்ல மோங்கோடிபி 5.0 போட்டுப் பாருங்க. 2021ல வந்த அந்தப் பதிப்புல இருந்து ஏவிஎக்ஸ் கட்டாயம். ஓட்டின உடனே "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்". 2018ல இருந்து டென்சர்ஃப்ளோவோட ரெடிமேட் பேக்கேஜும் இப்படித்தான். என்ன தப்பு, எது குறைச்சல்னு புரியிற மாதிரி ஒரு வரி பல நேரம் கிடையாது. அதே மெஷின்ல லினக்ஸ் கர்னல் மட்டும் பிரச்சினை இல்லாம பூட் ஆகும். காரணம் நாம மேல பாத்த அதே சோதனைதான்: ஏவிஎக்ஸ் இருக்கா? இல்லையா, பரவாயில்ல, வேற பாதையில போ. ஒழுங்கான ஃபீச்சர் செக் பழைய மெஷினுக்குக் கொடுக்குற மரியாதை அது. செக்கே வைக்காம விடுறது அந்த மெஷினை வச்சிருக்குறவனைத் திண்ணையில நிறுத்துறது.

பக்கத்து ஊர் சிப்

இனி நமக்கு நேரடியா சம்பந்தம் உள்ள விஷயம். சென்னை ஐஐடியில பேராசிரியர் காமகோடி குழு 2014ல தொடங்கின சக்தி பிராசசர் ரிஸ்க்-ஃபைவ் வகை. 2018ல அதோட சிப் மேல லினக்ஸ் பூட் ஆச்சு. நமக்கு இன்னும் பக்கத்துல, வடசேரியில பஸ் ஏறினா எட்டிடுற திருவனந்தபுரத்துல, சிடாக்கோட வேகா பிராசசர்கள். அதுவும் ரிஸ்க்-ஃபைவ்தான்.

ரிஸ்க்-ஃபைவோட தனித்தன்மையே வசதிகளைத் துண்டு துண்டா சேத்துக்கலாம்ங்கிறதுதான். அடிப்படைக்கு ஐ, பெருக்கல் வகுத்தலுக்கு எம், அட்டாமிக்குக்கு ஏ, தசமக் கணக்குக்கு எஃப், டி, சுருக்கின இன்ஸ்ட்ரக்ஷனுக்கு சி. ஏரீஸ் போர்டுல இருக்குற தேஜஸ்32 சிப்புல ஐ, எம் மட்டும். 64 பிட் வேகாவுல இந்த ஆறும் உண்டு. அப்போ "உனக்கு என்ன தெரியும்"ங்கிற கேள்வி இங்க உயிர் நாடி.

இங்கயும் குப்பை சேர ஆரம்பிச்சாச்சு. வசதிகளை ஒரே எழுத்துச் சரமா எழுதி கர்னலுக்குக் கொடுத்தாங்க. ஆனா எழுத்தோட அர்த்தமே மாறுச்சு. ஆரம்பத்துல ஐக்குள்ள இருந்த சில இன்ஸ்ட்ரக்ஷன்கள் 2019 வாக்குல தனித்தனி வசதியா பிரிஞ்சு போச்சு. அதே "ஐ" எழுத்து, பழைய சிப்புக்கு ஒரு அர்த்தம், புது சிப்புக்கு இன்னொண்ணு. அல்வின்னர் டி1 மாதிரி சிப்கள்ல வெக்டர் வசதியோட 0.7.1 வரைவுதான் இருந்துச்சு. 2021ல உறுதியான 1.0க்கும் அதுக்கும் ஒத்துப் போகாது. ஆனா ரெண்டுமே "வி"ன்னு எழுதிக்கிட்டாங்க. கர்னல்ல அதுக்குன்னு ஒரு விதிவிலக்கு எழுத வேண்டி வந்துச்சு. 2023ல கோனர் டூலி, ஒவ்வொரு வசதிக்கும் இன்ன அர்த்தம்னு வரையறுத்த தனிப் பட்டியல் முறையைக் கொண்டு வந்தார்.

எக்ஸ்86ல 30 வருஷக் குப்பையை இப்போ வாரிட்டு இருக்காங்க. ரிஸ்க்-ஃபைவ் இப்பதான் தொடங்குது. சக்தியும் வேகாவும் நாளைக்கு நம்ம ஆபீஸ்ல, ஈபி மீட்டர்ல உட்காரணும்னா, அந்தந்தச் சிப்போட பேரைக் கேட்டு ஆளுக்கொரு பேட்ச் ஒட்டுற வேலை இப்பவே நிக்கணும்.

நாம என்ன செய்யலாம்

நாஞ்சில் நாட்டுக்காரங்களுக்கு நான் மராமத்து பத்திப் பாடம் எடுக்க முடியாது. பேச்சிப்பாறை அணையை 1906ல கட்டி முடிச்சது எல்லாருக்கும் தெரியும். கன்னிப்பூவுக்குத் தண்ணி திறக்குறதுக்கு முன்னாடி சானல்ல தூர் வாரினவங்க பேரு எந்தக் கல்வெட்டுலயும் இருக்காது. ஆனா கடைமடை வயலுக்குத் தண்ணி போகுதா இல்லையாங்கிறது அவங்க கையிலதான் இருக்கு. அந்தப் பழைய லேப்டாப்புதான் நம்ம கடைமடை.

நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவுல முதல் கேள்வி "இதுல புதுசா என்ன இருக்கு?" அதனால வருஷா வருஷம் முகத்தைக் கண்டுபிடிச்சு அட்டெண்டென்ஸ் போடுற சிஸ்டம் புதுசு புதுசா வந்துட்டே இருக்கு. கர்னல்ல 40 வரியை எடுத்துட்டு, அதே வேலை சரியா நடக்குதுன்னு நிரூபிச்சா அது புதுசு இல்லையாம். அந்த 40 வரியை எடுக்க எவ்வளவு படிக்கணும் தெரியுமா? அந்தச் செக் யாரு, எந்த வருஷம், எதுக்காக வச்சாங்கன்னு கிட் வரலாற்றைத் தோண்டணும். பிராசசர் மேனுவலைப் புரட்டணும். எடுத்தா யாருக்குப் பாதிப்புன்னு யோசிக்கணும். கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பர்ல படிச்சதை விட அதிகமா இதுல படிச்சிடலாம்.

இதுக்கு நூறு சிப் வாங்க வேண்டாம். க்யூஎமுல ஒரு வசதியை மட்டும் அணைச்சு வச்ச பிராசசரை உருவாக்கலாம். எக்ஸ்86 கர்னலுக்கு பூட் பண்ணும்போதே "கிளியர் சிபியுஐடி"ன்னு ஒரு பாராமீட்டர் கொடுத்து, இருக்குற வசதியையே இல்லன்னு நினைக்க வைக்கலாம். லினக்ஸ் ஃபவுண்டேஷனோட எல்எஃப்எக்ஸ் மென்டர்ஷிப்ல கர்னல் பக்ஃபிக்ஸிங் கத்துக் கொடுக்குறாங்க. பேட்ச்சை யாருக்கு அனுப்பணும்னு சொல்ற ஸ்க்ரிப்ட் கர்னல் கோடுக்குள்ளேயே இருக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: ஸ்பேஸை டேபா மாத்தி எண்ணிக்கை காட்டுற பேட்ச் அனுப்பாதீங்க, பராமரிக்கிறவங்களுக்கு அது எரிச்சல். ஏன் மாத்துறோம்னு நாலு வரி தெளிவா எழுத முடிஞ்சா அனுப்புங்க.

ஆசிரியர்கள்கிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த பேட்ச் ஜீரோத் ரிவ்யூ வரும்போது, ப்ராஜெக்ட் படிவத்துல "ஏற்கனவே இருக்குற ஒரு திறந்த மூலக் கோடைச் சீர் பண்றது" அப்படின்னு ஒரு வகையைச் சேருங்க. மதிப்பெண்ணை எத்தனை வரி எழுதினான்னு பாத்துப் போடாதீங்க. எதை நீக்கினான், ஏன் நீக்கினான், நீக்கின பிறகும் பழைய மெஷின் ஓடுதான்னு கேளுங்க. ஜூனியர்ஸ், நீங்க இன்னைக்கே எல்எஸ்சிபியு போட்டு, அந்தப் பட்டியல்ல அர்த்தம் தெரியாத ஒரு ஃப்ளாக்கை எடுங்க. கர்னல் கோடுல அது எங்கெல்லாம் வருதுன்னு கிரெப் பண்ணுங்க. ஒரு இடமாவது "இதை ஏன் இப்படிக் கேட்டிருக்காங்க?"ன்னு உங்களை நிறுத்தும். அங்க இருந்து தொடங்குங்க.